நீ திருப்பிக் கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் உன்னை நினைத்து அழுததைவிட உன்மேல் கோபப்பட்டதுதான் அதிகம். செத்துப்போனவரிடம் என்னடி சண்டை என்று அம்மா அதட்டுகிறாள். உயிரோடு இருந்தபோது நான் உன்னிடம் ஒரே ஒரு நாள்தான் குரல் உயர்த்தினேன். மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது, யாரிடம் போய்க் கொட்டுவது?

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. என்ன, என்ன என்று நீ இருந்தால் பத்துத் தடவை கேட்டிருப்பாய். பொறு. அதைச் சொல்ல நான் பெயிலான வருஷத்திலிருந்து வரவேண்டும். எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே என்று நினைக்காதே. என் பக்கத்திலிருந்து நீ இதை ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் நம் ஊரிலிருந்து பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிய பெண்கள் இரண்டே பேர். நீ வேலை பார்த்த பெரிய வீட்டு வசந்தா ஒருத்தி, நான் ஒருத்தி. அவள் பஸ் ரோடுவரை வண்டியில் வருவாள், நான் நடந்து போய்ச் சேருவேன். அங்கிருந்து ஒரே பஸ், ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சை மட்டும் ஆள் பார்க்காமல் இரண்டு பேரையும் சேர்த்துக் கவிழ்த்தது.

வசந்தா வீட்டில் ஒருநாள் முழுக்க ஏச்சு. அடுத்த வாரமே அவளைத் திருச்சியில் சித்தப்பா வீட்டில் தங்கவைத்து ட்யூட்டோரியலில் சேர்த்துவிட்டார்கள். அக்டோபரில் மறுபடி எழுதினாள், தேறினாள். பிறகு டீச்சர் டிரெய்னிங் போனாள். அவள் பெயிலானது இன்றைக்கு அவளுக்கே நினைவிருக்குமோ என்னவோ.

நம் வீட்டில் என்ன நடந்தது? நீ மண்வெட்டியைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"பெயிலுன்னா என்ன பாப்பா?"

"தேறலப்பா."

"அப்ப அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு. அழுவாத."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. நீ திட்டியிருக்கலாம் அப்பா. உன் ஆண்டையான வசந்தாவின் அப்பா ஏசிய ஏச்சுக்குள்ளே, நீ தேறியிருக்க வேண்டியவள், இனியும் தேறலாம் என்ற எண்ணம் இருந்தது. நீ கொடுத்த ஆறுதலுக்குள்ளே அது இல்லை. நம் தெருவில் யாரும் இரண்டாவது தடவை பரீட்சை எழுதிப் பார்த்ததில்லை. எழுதலாம் என்று காதால் கேட்டிருந்த எனக்கும், எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை நிரப்ப வேண்டும் என்று தெரியாது.

ஒரு மாதம் கழித்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்தது. இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்க்கை ஒற்றைத் தாளில் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது கெட்டி அட்டை போட்ட புத்தகம். என் பெயர், உன் பெயர், என் இடது முழங்கையில் இருக்கிற மச்சம் எல்லாம் அதில் எழுதியிருந்தது. மறுபடி பரீட்சை எழுதினால் அந்த மார்க்கையும் அதே புத்தகத்தில்தான் ஏற்றுவார்கள். புத்தகம் கையில் இல்லாமல் பரீட்சைக்கு விண்ணப்பமே போட முடியாது. இது வசந்தா வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

நான் அதைத் திறந்து திறந்து பார்த்து அழுதேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு ஆண்டிமடத்துப் பக்கம் சின்னம்மா வீட்டுக்கு முந்திரிக் கொட்டை உடைக்கப் போனேன். கொட்டைப் பால் பட்டு விரல் தோலெல்லாம் உரிந்து, இரண்டு மாதம் கழித்து வந்தேன். கூரையில் செருகியிருந்த இடத்தில் புத்தகத்தைக் காணவில்லை.

"ஒப்படைச்சுட்டேன் பாப்பா" என்றாய். முகத்தில் என்ன ஒரு நிறைவு.

ஆண்டை வீட்டு மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கயிறு எதுவும் நமக்குச் சொந்தமில்லை. வேலை முடிந்த சாயங்காலம் கழுவித் துடைத்து, கத்தாழை நாரால் கட்டி, எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாய். ஒருநாள்கூட ஒரு சாமான் குறைந்ததில்லை. அதனால்தான் மோட்டார் கொட்டகைச் சாவியை உன்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் சாவி உன் அரைஞாணில் தொங்கும். நீ நடந்து வரும்போதே சத்தம் கேட்கும். அந்தக் கணக்கிலேயே பள்ளிக்கூடத்துப் புத்தகத்தையும் பார்த்துவிட்டாய். படிப்பு முடிந்தது, கொடுத்தவர்களிடம் சாமானைக் கொடுத்துவிட வேண்டியது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே போய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாயாம்.

"வேல முடிஞ்சப்புறம் வச்சிருந்தா அது களவு பாப்பா. அதப் பாத்துப் பாத்து நீ வேற அழுவுற."

ஏன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை? வசந்தாவின் அப்பாவை வேண்டாம், யாரையாவது கேட்டிருக்கலாமே? நிலம் இருக்கிற வீட்டில் காகிதத்தைக் கையை விட்டு விடமாட்டார்கள். பத்திரம், ரசீது, பட்டா என்று அவர்களுக்கு ஒரு தகரப் பெட்டியே இருக்கும். ஒரு துண்டுக் காகிதம் போனால் ஒரு வயலே போகும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்மிடம் வயலும் இல்லை, அதற்குக் காகிதமும் இல்லை. அரசாங்கம் நம் வீட்டுக்குக் கொடுத்த முதல் புத்தகத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் கண்ணில் படாதது எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது.

இருபது வயதில்தான் உறைத்தது. நம் ஊரில் பால்வாடி வந்தது, நான் ஆயாவாகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது நான். கதை சொன்னது நான். படம் போட்டுக் காட்டியதும் நான். டீச்சர் வேலைக்கு மட்டும் வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்துபோனாள், ஏனென்றால் அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பார்வையிட வந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், கணக்கை மட்டும் எழுதி முடித்துவிடு, அடுத்த ஊரில் டீச்சர் இடம் காலியாகப் போகிறது என்று. கூடவே இன்னொன்றும் சொன்னார். பதினோராம் வகுப்பையே எடுத்துவிட்டார்கள், பழைய பாடத்தில் தோற்றவர்களுக்கு இதுதான் கடைசித் தடவை. இதை விட்டால் புதுப் பத்தாம் வகுப்பை எல்லாப் பாடமும் சேர்த்து முதலிலிருந்து எழுத வேண்டும்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். புத்தகம் எங்கே என்றார் கிளார்க். எங்கப்பா உங்களிடம்தான் கொடுத்தார் என்றேன். அவர் சிரித்தார்.

"எந்த அப்பன்மா புத்தகத்தக் கொண்டாந்து திருப்பிக் குடுப்பான்? நல்லா தேடிப் பாரு, வூட்லதான் கெடக்கும்."

அலமாரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஹெட்மாஸ்டரிடம் போனேன். இங்கே வாங்கினதாக எந்த நோட்டிலும் இல்லை, தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்தால் டூப்ளிகேட்டுக்கு அனுப்பலாம் என்றார். கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஊர்க் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட்டு, அது தாலுகா ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும்.

நீ மாட்டேன் என்றாய்.

"நான் தொலைக்கல. ஒப்படைச்சேன். தொலைச்சேன்னு எப்புடி எழுதிக் குடுப்பேன்?"

ஒன்பது நாள் அப்பா. விண்ணப்பத் தேதி நெருங்க நெருங்க நான் சோறு இறங்காமல் கிடந்தேன். நீ பெரிய உத்தமனாகக் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் மண்வெட்டியை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தாய். பத்தாம் நாள்தான் நான் குரல் உயர்த்தியது. "உன் நாணயத்த வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? அதப் பரீட்சையில எழுத முடியுமா?" என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய்.

மறுநாள் நீயே கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றாய். துண்டு கக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அவர் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். என் கவனக்குறைவால் மேற்படி புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன். உன்னைவிட அவருக்கு வயது குறைவு.

"ஏண்டா மாணிக்கம், தொலைச்சியா?"

நீ ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தொலைச்சுட்டேன் சாமி."

கட்டை விரலில் மையைத் தடவி வைத்தாய். வீட்டுக்கு வருகிறவரை அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தாய். மை போன பிறகும் துடைத்தாய்.

அதோடு முடிந்ததா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான். நாளைக்கு வா என்றார் கணக்குப்பிள்ளை. நாளை மறுநாள் வா என்றார். பெயிலான பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயதில் என்ன படிப்பு என்று என்னிடமே கேட்டார். வசந்தாவுக்கும் அப்போது என் வயதுதான். அவள் காகிதத்துக்குக் கையெழுத்து வாங்க யாரும் எங்கேயும் போய் நின்றதில்லை, கணக்குப்பிள்ளை சாயங்காலம் காபி குடிக்க வருகிற வீடு அது. நம் காகிதம் அவர் மேஜையை விட்டு நகர்ந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பழைய பாடம் அதோடு போயிற்று. என் டீச்சர் வேலையும் போயிற்று.

உன் சாவியும் போயிற்று. கணக்குப்பிள்ளை காபி குடிக்கிற இடத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மகள் படிப்புக் காகிதத்தையே தொலைத்தவனிடம் மோட்டார் கொட்டகைச் சாவி எதற்கு என்று யாரோ சொல்ல, ஆண்டை அதை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நீ வந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. சாவி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, கனமா இருந்துச்சு, குடுத்துட்டேன் என்றாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் படுத்தாய். பிறகு எழவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ போன பிறகு எனக்கும் சந்தேகம் வந்தது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் யாருக்குத்தான் வராது? வழியில் எங்காவது வைத்துவிட்டு வந்திருப்பாயோ, சொல்ல வெட்கப்பட்டு ஒப்படைத்தேன் என்றாயோ என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அந்தச் சந்தேகத்தோடுதான் உனக்குத் திதி கொடுத்தேன். உன் மகள் இப்படிப்பட்டவள்.

போன சித்திரையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வசந்தாவைப் பார்த்தேன். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய் வருகிற புழுதியில் நின்று அரை மணி நேரம் பேசினோம். நல்லவள்தான், என் கையை விடவே இல்லை. நீ ஏண்டி அப்புறம் எழுதாம வுட்ட, என்னைவிட நல்லா படிப்பியே என்று கேட்டாள். நான் புத்தகக் கதையைச் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "எம் புத்தகம் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதுடி. அப்பா பெட்டியில வச்சிருந்தாங்க. நான் போயி எழுதிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு செந்துறை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் சறுக்கியது ஒரே சறுக்கல். அவளைப் பிடிக்க ஒரு வீடே நின்றது. என்னைப் பிடிக்க நீ ஒருத்தன்தான் நின்றாய், உனக்கும் பிடிக்கத் தெரியவில்லை.

இனி கார்டு விஷயம். பள்ளிக்கூடத்துப் பழைய ஆபீஸ் அறையை இடித்துக் கட்டுகிறார்கள். புதிதாக வந்த கிளார்க் அலமாரியைக் காலி பண்ணும்போது உங்கள் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மேஜைமேல் எடுத்து வைத்தார்.

மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தாழை நாரால் கட்டியிருந்தது அப்பா. மண்வெட்டிப் பிடிக்குப் போடுவாயே, அந்த இரட்டை முடிச்சு. யாரும் அவிழ்க்கவே இல்லை, கிளார்க்கும் அட்டைமேல் இருந்த பெயரைப் பார்த்துத்தான் கார்டு போட்டாராம். நீ கொடுத்த அன்றைக்கு வாங்கி உள்ளே போட்டவர்கள் என்னவென்றுகூடப் பார்க்கவில்லை. நான் நாலு வருஷம் கழித்து வந்து கேட்டபோது அந்த அலமாரி எட்டடி தூரத்தில்தான் இருந்தது. ஒருத்தர் எழுந்து திறந்திருந்தால் போதும். நீ விரல் வைத்திருக்க வேண்டாம். உன் சாவி உன்னிடமே இருந்திருக்கும்.

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே.

வாங்கிக்கொண்டதற்கு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் அப்பா இங்கே கொண்டுவந்து ஒப்படைத்தார் என்று அதில் எழுதுங்கள், போடுகிறேன் என்றேன். கிளார்க் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் வந்தார். பிறகு ஹெட்மாஸ்டரே வந்தார், இவரும் புதியவர்தான்.

"அதெல்லாம் எழுத முடியாதும்மா. எழுதினா ஆபீஸ் மேல தப்பு வந்துடும். பெற்றுக்கொண்டேன்னு மட்டும் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

"எங்கப்பா மேல தப்பு வந்துச்சே சார், அது பரவால்லியா?"

அவர் நோட்டைக் கிளார்க் பக்கம் தள்ளினார். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார். நான் மத்தியானம் வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய்ப் பேனாவைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்துக்கு மேலே கொஞ்சம் வெள்ளையாக இடம் இருந்தது. முந்திரிப்பால் பட்டுப் பட்டு எனக்கு இன்னும் விரல் நுனி வழுவழுப்பாகத்தான் இருக்கிறது, பேனா சரியாக நிற்காது. அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். "மாணிக்கம் என்கிற என் அப்பா இந்த ஆபீசில் ஒப்படைத்த புத்தகத்தைப் பெற்றுக்கொண்டேன். அவர் தொலைக்கவில்லை." அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார் கிளார்க். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட முடியாது, அது பக்க எண் போட்ட நோட்டு. நீ விரல் வைத்த பொய்யைத் தாலுகா ஆபீஸில் கரையான் தின்றிருக்கும். இது இருக்கும்.

வேறு செய்தி என்ன? அம்மாவுக்கு முட்டி வலி, வாய் மட்டும் குறையவில்லை. கணக்குப்பிள்ளை வேலையையே அரசாங்கம் எடுத்துவிட்டது, நீ போன வருஷம் முடிவதற்குள்ளேயே. இப்போது பரீட்சை எழுதிப் பாஸான ஒருவர் கிராம அதிகாரியாக வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். அவரும் முதலில் கேட்பது, காகிதம் இருக்கா என்றுதான். நம் தெருவில் மூன்று பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். பெயிலானால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லி வைத்திருக்கிறேன். பாஸாகும் பிள்ளையிடம் இதென்ன பேச்சு என்று ஒருத்தி என்னை ஏசினாள். ஏசட்டும்.

வருகிற அக்டோபரில் புதுப் பத்தாம் வகுப்பை எழுதுகிறேன், எல்லாப் பாடமும் சேர்த்து. பதினாறு வயதில் வசந்தாவோடு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டியதை இருபத்துநாலு வயதில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதப் போகிறேன். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. டீச்சர் இடம் இனி காலியாகுமா என்பதும் தெரியாது. கணக்கு இன்னும் தகராறுதான்.

உன் நாரை அறுக்கவில்லை, மெல்லத் தளர்த்திப் புத்தகத்தை மட்டும் உருவி எடுத்தேன். முடிச்சு அப்படியே இருக்கிறது. ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறேன் அப்பா, நம் வீட்டுக்கு முதல் பெட்டி. தேறினாலும் தேறாவிட்டாலும் வருகிற காகிதத்தை அதில்தான் வைப்பேன். எவர் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நீ தொலைக்கவில்லை என்று எட்டு வருஷம் கழித்து எழுதிக் கையெழுத்துப் போட்ட உன் மகள்,
அஞ்சலை